புத்தளக் கரையில் இடம்பெயர்ந்தோரும் உளத்துயரும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் இறந்தோர் தொகையையும் இழந்த நிலத்தின் பரப்பையும் கணக்கிடுவர். உயிர் தப்பியோரின் உள்ளத்தில் நேர்ந்தவை அக்கணக்கினுள் அரிதாகவே இடம்பெறும். புத்தளக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாறு இக்குறையை நன்கு புலப்படுத்துகின்றது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியை அடைந்தனர். ஏறத்தாழ 75,000 பேர் வேரறுக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளில் தங்கினர். ஒரே மொழியைப் பேசி அயலில் வாழ்ந்தோரிடையே இது நிகழ்ந்தமையால், உடைமை இழப்புடன் நம்பிக்கையின் சிதைவும் சேர்ந்தது.

தொடக்கத்தில் உள்ளூர் மக்கள் வந்தோரை ஆதரித்தனர். கிடுகுக் கொட்டில்கள் சில திங்களுக்கெனவே எழுந்தன. திங்கள் ஆண்டாயிற்று, ஆண்டுகள் இரு தசாப்தங்களாயின. நிலம், நீர், கூலிவேலை ஆகியவற்றின் பொருட்டு ஆதரித்தோருக்கும் வந்தோருக்கும் இடையே மனத்தாங்கல் தோன்றிற்று. முகாமிற் பிறந்த பிள்ளையும் ‘அகதி’ என்றே சுட்டப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ச. ஹ. ஹஸ்புல்லாஹ் இம்மக்களை மறக்கப்பட்டோர் எனக் குறித்தமை பொருத்தமானதே.

இவர்களின் உளநலம் பற்றிய முறையான ஆய்வொன்று, வெளியேற்றம் நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிவந்தது. செஸ்மல் சிறிவர்த்தனவும் பிறரும் 450 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட அவ்வாய்வின்படி, 18.8 சதவீதத்தினரிடம் பொதுவான உளக்கோளாறுகள் காணப்பட்டன. கடும் மனச்சோர்வு 5.1 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு 1.3 சதவீதத்தினரிடமும் காணப்பட, உடல்வழி வெளிப்படும் உளக்கோளாறு 14 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. தலைவலி, நெஞ்சுநோவு, உடலுளைவு எனக் கூறி மருத்துவரை நாடுவோரிற் சிலர் சொல்ல இயலாத துயரையே சுமந்து வருகின்றனர் எனலாம்.

மற்றொரு முடிவும் நோக்கற்பாலது. துணையை இழத்தல் அல்லது பிரிதல், வேலையின்மை, உணவுப் பற்றாக்குறை ஆகியன இக்கோளாறுகளுடன் தொடர்புற்றிருந்தன. பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடுவோ 2.4 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. எனவே 1990இன் ஒரு நாளை மாத்திரம் துயரின் ஊற்றாகக் கொள்ளல் போதாது. அதன் பின் வந்த ஒவ்வொரு நாளின் வறுமையையும் தனிமையையும் உடன்நோக்குதல் வேண்டும்.

இவ்வுண்மை இடம்பெயர்ந்தோர்க்கு மாத்திரம் உரியதன்று. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரிடத்தும் பதகளிப்பும் மனச்சோர்வும் மிகுந்திருத்தலையும், சமுதாயப் புறக்கணிப்பு அவற்றுடன் பிணைந்திருத்தலையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. 1996 அளவிற் பரவலான கூட்டு மருந்துகள் கிருமியை அடக்குகின்றன. மறைந்து வாழும் அச்சத்தை அவை தாமாக அகற்றுவதில்லை. புத்தளம் அமைந்துள்ள வடமேல் மாகாணத்திலேயே, 2016இல், குடும்பத்தில் எயிட்சு உண்டென்ற வதந்தியினால் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. நோயின் பெயராயினும் அகதி என்னும் பெயராயினும், ஒரு மனிதனை அப்பெயருக்குள் அடைத்துவிடும் வழக்கமே இரண்டிற்கும் பொதுவாயுள்ளது.

2009இல் போர் முடிவுற்றபின் சிலர் வடக்கே மீண்டனர். பலர் இரு ஊர்களிலும் கால்பதித்து வாழத் தலைப்பட்டனர். வீடு கட்டிக் கொடுத்தலுடன் கடமை முடிந்துவிட்டதெனக் கருதுதல் தவறாகும். கிராமத்து மருந்தகத்தில் உடல்நோவைக் கூறுபவரிடம் உள்ளத்தைப் பற்றியும் வினவும் பயிற்சி, விதவையர்க்கு நிலையான வருவாய், வெளியேற்றத்தைப் பாடநூல்களில் ஒளிக்காது எழுதும் நேர்மை ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவற்றுள் இறுதியானது மருத்துவரின் பணியன்று. தமிழில் வரலாறு கற்போரதும் கற்பிப்போரதும் பணியாகும்.