குரலும் கதவும்: பெண்ணிய ஒலிபரப்பிலிருந்து வலையொலிவரை

1946 அக்டோபர் 7 அன்று பிற்பகல் 2 மணிக்கு, பி.பி.சி. வானொலியில் 'வுமன்ஸ் அவர்' என்னும் பெண்களுக்கான நிகழ்ச்சி தொடங்கியது. இன்றளவும் தொடர்ந்துவரும் அந்நிகழ்ச்சியை முதலில் தொகுத்து வழங்கியவர் ஆலன் ஐவிமி என்னும் ஆண். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன், 1933-ல், ஷீலா பாரெட் என்பவரை அறிவிப்பாளராக அமர்த்திய அதே நிறுவனம், நேயர்களின் எதிர்ப்புக் கடிதங்கள் குவியவே, சில மாதங்களிலேயே அம்முயற்சியைக் கைவிட்டிருந்தது. ஐவிமியின் இடத்துக்கு விரைவிலேயே பெண்கள் வந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆயினும் பெண்கள் எதைக் கேட்கவேண்டும், எந்த நேரத்தில் கேட்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நெடுங்காலம் நிலையத்திடமே இருந்தது. பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்த பிறகுதான் என்னும் கணக்கு அந்த 2 மணிக்குள் ஒளிந்திருக்கிறது.

பெண்ணியப் பரப்புரைக்கான கருவியாக இன்று வலையொலி (பாட்காஸ்ட்) பேசப்படும்போதெல்லாம் இந்தப் பழைய செய்தி என் நினைவுக்கு வருகிறது. வலையொலியை நேற்று முளைத்த நுட்பமாகப் பார்ப்பவர்கள் அதன் முன்கதையைத் தவறவிடுகிறார்கள். ஒலிபரப்பின் கதவைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வியே அந்த முன்கதை.

ராணுவத்தை 1948-லேயே கலைத்துவிட்ட கோஸ்டாரிகா நாட்டில், ஐ.நா. ஏற்படுத்திய அமைதிப் பல்கலைக்கழக வளாகத்தில், 'ரேடியோ ஃபார் பீஸ் இன்டர்நேஷனல்' என்ற சிற்றலை வானொலி நிலையம் இயங்கிவந்தது. 1991 மே 1 அன்று அதன் அலைவரிசையில் 'ஃபயர்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெண்ணியப் பன்னாட்டு வானொலி முயற்சி பிறந்தது. மரியா சுவாரஸ் டோரோ முதலிய சில பெண்கள் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நிகழ்ச்சி நடத்தினார்கள். 1993-ல் வியன்னாவில் ஐ.நா. மனித உரிமை மாநாட்டையொட்டி, பெண்கள் மீதான வன்முறை குறித்த மக்கள் தீர்ப்பாயம் கூடி, 33 பெண்களின் சாட்சியத்தைக் கேட்டது. அதையும், 1995-ல் பெய்ஜிங் மகளிர் மாநாட்டையொட்டி நடந்த கூட்டங்களையும் இவர்கள் வானொலிக்குக் கொண்டுசென்றார்கள். ஒரு பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்வதே பரப்புரையின் முதல் வடிவம் என்பதை இவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

1998-ல் ஃபயர் சிற்றலையை விட்டு இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. 2003-ல் அந்தச் சிற்றலை நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தகராறு மூண்டு, வளாக வாயிற்கதவு பூட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நிலையம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. முன்னரே வெளியேறியிருந்த ஃபயரின் குரல் அந்தப் பூட்டில் சிக்கவில்லை. கதவும் சாவியும் வெறும் உவமைகள் என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டலாம்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு ஒன்று உண்டு. அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் (இப்பகுதி இன்று தெலங்கானாவில் உள்ளது), தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் உழவர் பெண்கள் 1990-களின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியுடன் மாச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துவிட்டார்கள். வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்சநீதிமன்றம் கூறியிருந்தபோதிலும், அவர்களுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாக வானொலியைத் தொடங்கியபோதும் உரிமம் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைத்தது. மக்கள் அமைப்புகளுக்கு வழி திறந்தது 2006-ன் கொள்கை. அதுவரை மாச்சனூர்ப் பெண்கள் என்ன செய்தார்கள்? விதை பற்றியும் சிறுதானியம் பற்றியும் தங்கள் உரிமை பற்றியும் ஒலிநாடாவில் பதிவுசெய்து, ஊர் ஊராக எடுத்துச்சென்று, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கவிட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ அலையேறியது. அப்போதும் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அரசு அனுமதிக்கவில்லை.

பதிவுசெய்த ஒலியைக் கேட்பவரிடமே கொண்டுசேர்த்தல் என்று பார்த்தால், அந்த ஒலிநாடாக்களை வலையொலியின் மூத்த சகோதரிகள் எனலாம். 2001 வாக்கில் டேவ் வைனர் செய்தியோடையுடன் ஒலிக்கோப்பை இணைக்க வழிசெய்தார். 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிக்கு இடமளித்தது. அலைவரிசை தேவையில்லை, உரிமம் தேவையில்லை; பிற்பகல் 2 மணிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. தன் நேரம் தனக்குச் சொந்தமில்லாத பெண்ணுக்கு, பேருந்திலும் அடுப்படியிலும் விட்ட இடத்திலிருந்து கேட்க முடிவது சிறிய விடுதலையன்று.

பூட்டுகள் ஒழிந்துவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. சீனாவில் மூன்று பெண் பத்திரிகையாளர்கள் நடத்திய 'உபரி மதிப்பு' என்ற வலையொலி 2020-ல் முடக்கப்பட்டது. அவர்கள் அதே ஆண்டில் வேறு பெயரில் மீண்டும் பேசத் தொடங்கினார்கள். ஒரு நிலையம் மூடப்பட்டால் அதை மீண்டும் எழுப்பக் கட்டடமும் கோபுரமும் வேண்டும். இவர்களுக்கு ஒலிவாங்கியும் கணினியும் போதுமானவையாக இருந்தன. அதே வேளையில், பெருநிறுவனங்கள் சில வலையொலிகளைத் தம் செயலிக்கு மட்டும் உரியவையாக வாங்கும்போது, திறந்த செய்தியோடையின் இடத்தில் பழைய வாயிற்கதவே மீண்டும் எழுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மாச்சனூரில் எழுத்தறியாத பெண்ணும் ஒலிநாடாவைக் கேட்டாள். வலையொலியைக் கேட்கவும் எழுத்தறிவு வேண்டியதில்லை. ஆனால் அதைத் தேடிக் கண்டடைய வேண்டும், திறன்பேசிக்கும் இணையத்துக்கும் காசும் வேண்டும். மேலும், அந்த ஒலிநாடா கூட்டத்தின் நடுவே ஒலித்தது. கேட்டு முடித்த பெண்கள் அங்கேயே பேசினார்கள், மறுத்தார்கள், முடிவெடுத்தார்கள். காதொலிப்பானில் கேட்பவளுக்குக் கிடைப்பது தனிமை. வீட்டார் அறியாமல் கேட்க அது பெரும் பாதுகாப்பு. ஆனால் பரப்புரை முழுமை பெறுவது, கேட்டவள் இன்னொருத்தியிடம் பேசும்போதுதான்.

சென்ற பருவத்தில் என் முதுகலை வகுப்பில், பெண்ணிய உரையாடல் ஒன்றின் 20 நிமிடப் பகுதியை எல்லோரும் கேட்க ஒலிக்கவிட்டேன். அதை முன்பே கேட்டிருந்த மாணவி ஒருத்தி, "விடுதியில் தனியாகக் கேட்டபோது எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன் அம்மா" என்றாள். அடுத்த வரிசையில் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி அடித்த பிறகும் அவர்கள் மூவரும் வகுப்பறையிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.