பொங்கலும் கொஷோகட்சுவும்: நாள் ஒற்றுமை குறித்த மறுஆய்வு

முன்னுரை

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம், ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த நிலப்பகுதியில் உருவானது. ஒரகடத்தில் கொமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இன்று இங்கு இயங்குகின்றன. இரு நாட்டினரும் ஒருங்கே பணியாற்றும் இத்தகைய சூழலில், பண்பாட்டு உறவுக்குச் சான்றாக எளிதில் முன்வைக்கத்தக்க கருத்து ஒன்றுண்டு. தமிழரின் பொங்கலும் ஜப்பானியரின் 'கொஷோகட்சு' என்னும் சிறுபுத்தாண்டும் ஏறத்தாழ ஒரே நாளில் வருகின்றன என்பதே அது. அவ்வொற்றுமை தொன்மையானதா என்பதை நாட்காட்டி வரலாற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓனோவின் ஒப்பீடு

காக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழ்–ஜப்பானிய மொழி உறவை வலியுறுத்தியவர். சொல் ஒப்புமைகளோடு வழக்காறுகளையும் அவர் சான்றாகக் கொண்டார். ஜனவரி 15 அன்று 'அசுகி' என்னும் சிவப்புப் பயறு சேர்த்துக் கஞ்சி காய்ச்சும் வழக்கம் பொங்கலோடு ஒப்பிடப்பட்டது. 'பொங்கலோ பொங்கல்' என்னும் ஒலிக்கு வடகிழக்கு ஜப்பானின் 'ஹொங்கரா ஹொங்கரா' இணையாகக் காட்டப்பட்டது. ஓனோவின் மொழிக் கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் இவ்விழா ஒப்பீடு தமிழ் ஆய்வுலகில் நன்கறியப்பட்டதாகவே உள்ளது.

இரு நாட்காட்டிகள்

கொஷோகட்சு தொடக்கத்தில் முதல் சந்திர மாதத்து நிறைநிலா நாளாகும். 10ஆம் நூற்றாண்டின் 'தோசா நிக்கி', அம்மாதத்து 15ஆம் நாளில் அசுகிக் கஞ்சி காய்ச்ச இயலாத குறையைப் பதிவுசெய்கிறது. அந்நிறைநிலா பிப்ரவரித் தொடக்கத்திற்கும் மார்ச்சுத் தொடக்கத்திற்கும் இடையில் வரும். தமிழ் முறையில் அது தைப்பூசத்தையோ மாசி மகத்தையோ ஒட்டியது. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல் கிரகோரியன் நாட்காட்டியை ஏற்றது. அதன் பின்னரே பல ஊர்களில் இவ்விழா ஜனவரி 15க்கு மாறியது.

பொங்கல், ஞாயிறு மகர இராசியில் புகும் நாளைச் சார்ந்தது. விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட கணிப்பாதலால், கிரகோரியன் நாட்காட்டியில் அந்நாள் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாளே. 1873இலும் அது ஜனவரி 12ஐ ஒட்டியே அமைந்தது. எனவே ஜப்பான் நாட்காட்டியை மாற்றிய ஆண்டில்கூட இரு விழாக்களும் ஒரே நாளில் வரவில்லை.

பருவமும் தொழிலும்

பொங்கல் அறுவடைக்குப் பிந்தைய நன்றி விழா. கொஷோகட்சுவோ கடுங்குளிரில், உழவு தொடங்குமுன், வரும் ஆண்டின் விளைச்சலை வேண்டுவது. பழமரத்தை வெட்டுவதாக ஒருவர் மிரட்ட, 'காய்க்கிறேன்' என்று மற்றொருவர் மரத்திற்காக விடையிறுக்கும் சடங்கு இதனை உணர்த்தும். புதுநெல் படைக்கும் ஜப்பானிய விழா 'நீனாமெசாய்'; அது இன்று நவம்பர் 23இல் நிகழ்கிறது. உழவுத்தொழிலின் நோக்கில் பொங்கலுக்கு நெருக்கமானது அதுவே. மேலும், முதல் மாதத்து 15ஆம் நாளில் பயற்றுக் கஞ்சி காய்ச்சுவதை 6ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்று குறிப்பிடுகிறது. ஆதலின் ஜப்பானியக் கஞ்சிக்குரிய மூலத்தை முதலில் சீனத்தில் தேடுவதே முறையாகும்.

முடிவுரை

ஜனவரி நடுவில் இவ்விரு விழாக்களும் நெருங்கி வருவது, 1873இன் நாட்காட்டி மாற்றமும் விண்மீன்வழிக் கணிப்பின் மெல்லிய நகர்வும் சேர்ந்து விளைத்த அண்மைக்கால நிகழ்வு. அதனைத் தொல்லுறவின் சான்றாகக் கொள்ள இயலாது. ஒப்பீட்டைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. நாளைக் கொண்டு அளப்பதை விடுத்து, பருவத்தையும் சடங்கின் நோக்கத்தையும் கொண்டு அளக்க வேண்டும் என்பதே. ஒரகடத்து ஏரிக்கரைகளில் தை அறுவடையை அறிந்தோரும் ஜப்பானிய உழவர்குடியில் பிறந்தோரும் அருகருகே பணியாற்றும் இன்றைய சூழல், அத்தகைய கள ஆய்வுக்கு உகந்த இடமாகும்.