முதல் வரிசையில் உட்கார்ந்த ஹெலன் டிக்கன்ஸ்

வகுப்பில் ஹெலன் டிக்கன்ஸ் எப்போதும் முதல் வரிசையில்தான் உட்காருவார். பின்னால் இருக்கும் வெள்ளை மாணவர்கள் கேலி பேசினாலும் சைகை காட்டினாலும் அது தன் கண்ணில் பட வேண்டாம் என்பதற்காக. 1934இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபோது அந்த வகுப்பில் ஒரே கறுப்பினப் பெண் அவர்தான்.

ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 1909இல் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்தவர், தானாகவே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். ஆனாலும் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு மேல் அவரை நிறவெறி விடவில்லை. மகளுக்கு எட்டு வயதானபோது இறந்துபோனார்.

பிலடெல்பியாவின் கறுப்பினக் குடியிருப்பில், டாக்டர் வர்ஜீனியா அலெக்சாண்டர் தன் வீட்டிலேயே நடத்திவந்த சிறு மருத்துவமனையில் டிக்கன்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். பிரசவம் பார்க்க ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போனால், அங்கே மின்சாரமே இல்லை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, தெருவிளக்கு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்திருக்கிறார். ஆபத்தான பிரசவம் என்றதும் நாம் தாயின் உடலை மட்டுமே யோசிக்கிறோம். இருட்டு வீட்டையும் வறுமையையும் அந்தக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்?

பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு. 1948இல் கறுப்பின மருத்துவமனையான மெர்சி டக்ளஸில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவின் தலைவர். 1950இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அவரை உறுப்பினராக ஏற்றது. கறுப்பினப் பெண் ஒருவரை அது ஏற்றது அதுவே முதல்முறை.

என் பார்வையில் அவருடைய பெரிய வேலை 1967இல்தான் தொடங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கர்ப்பமான பதின்வயதுப் பெண்களுக்கென்று தனி கிளினிக் திறந்தார். அந்த வயதில் கர்ப்பம் என்றாலே கூடுதல் ஆபத்து. ரத்தசோகை, ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை. போதாக்குறைக்கு, கர்ப்பமான மாணவியைப் பள்ளியை விட்டு வெளியேற்றுவது அன்றைய அமெரிக்காவில் சகஜம். ஒழுக்கம் கெட்டவள் என்ற பட்டமும் சேர்ந்துவிடும். வெட்கத்தில் அந்தப் பெண் மறைந்தே வாழ்வாள். மருத்துவரிடம் தாமதமாக வருவாள். தாமதம்தான் உயிரை எடுக்கும். அதனால் டிக்கன்ஸ் கிளினிக்கில் பரிசோதனையோடு நிற்கவில்லை. அந்தப் பெண்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள், படிப்பைத் தொடர உதவினார்கள். புத்திமதி சொல்லி யாருக்கும் ரத்தம் ஊறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1969இல் அதே பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சிறுபான்மையின மாணவர் சேர்க்கைக்கான இணை முதல்வரானார். 'தகுதி' 'தகுதி' என்று நம்மிடம் கத்துகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். அதுவரை அங்கே படித்த சிறுபான்மையின மாணவர்கள் இரண்டு, மூன்று பேர். தகுதியான பிள்ளைகள் வெளியே இல்லாமலா இருந்தார்கள்? தேடிப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான். டிக்கன்ஸ் தேடிப் போனார். ஐந்தே வருடத்தில் எண்ணிக்கை 64 ஆனது.

2001இல் அவர் காலமானார். அமெரிக்காவில் கர்ப்பம் தொடர்பான காரணங்களால் கறுப்பினப் பெண்கள் இறக்கும் விகிதம் இன்றும் வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த 64 பேருக்குப் பின்னால் வந்தவர்கள் இப்போது பிரசவ வார்டுகளில் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.