ரத்தக்குறைவு

ஒரு ஐப்பசி ராத்திரி பதினொன்றரைக்கு இனயத்திலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். சித்தப்பா மகள். "அண்ணே, பிள்ளைக்க காலுல நீலம் நீலமா கெடக்கு. பல்லு தேய்ச்சா ரெத்தம் வருது. ஆறு நாளாக் காய்ச்சல் வேற." அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்தில் வந்தான். அவளுடைய அண்ணன். என்னைவிட ரெண்டு வயது இளையவன், 1998-இல் ஒன்பது வயதில் இறந்துபோனவன்.

அவனுக்கு முதலில் சொன்ன பெயர் ரத்தக்குறைவு. முகம் வெளிறியிருந்தது. கடற்கரையிலிருந்து வீட்டுக்கு ஏறி வருவதற்குள் இளைத்தான். ராத்திரியானால் கால் எலும்பு வலிக்கிறது என்று அழுவான். "மூணு நேரமும் மீன் திங்கிற பிள்ளைக்கு எப்பிடி ரெத்தம் கொறையும்?" என்று பாட்டி கேட்டதுதான் அந்த வீட்டில் அன்றைக்கு எழுந்த ஒரே நல்ல கேள்வி. பதிலாக டானிக் வந்தது. பிறகு யாரோ ஒரு டாக்டர் ஊசி போட்டார். காய்ச்சல் விட்டது, வலி போனது. பத்து நாள் எங்களோடு மணலில் ஓடி விளையாடினான். குருசடியில் மெழுகுதிரி ஏற்றினார்கள். அப்புறம் எல்லாம் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குக் கொண்டுபோய் லுக்கேமியா என்று தெரிந்தபோது ரெண்டு மாதம் கழிந்திருந்தது.

ரொம்ப நாள் கழித்துத்தான் இந்த நோயின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். எங்கள் வீட்டில் நடந்தது அதன் தொடக்கத்திலேயே நடந்திருந்தது.

1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவரிடம் கூரைக்குக் கல்லோடு வேயும் தொழிலாளி ஒருவர் வந்தார். வயது 28. மாதக்கணக்காகச் சோர்வு, வயிற்றின் இடப்பக்கம் கட்டிபோல வீக்கம். அது மண்ணீரல். அவர் இறந்தபின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த பென்னட், அது முழுக்கச் சீழ் என்று முடிவுகட்டினார். ரத்தமே சீழ்பிடித்துவிட்டது என்று எழுதினார். அவர் பார்த்தது சரி, சொன்ன காரணம் தப்பு. அதே வருடம் பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்ஹோ, மூக்கில் ரத்தம் வடிந்து, உடல் வீங்கி இறந்த ஐம்பது வயது சமையல்காரப் பெண் ஒருவரின் ரத்தத்தைப் பார்த்தார். இவருக்கு அப்போது 24 வயதுகூட முழுதாக ஆகவில்லை. காரணம் எதையும் இவர் சொல்லவில்லை. சிவப்பு அணுக்களும் வெள்ளை அணுக்களும் இருக்கவேண்டிய விகிதம் தலைகீழாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். வெறுமனே 'வெள்ளை ரத்தம்' என்று தலைப்பிட்டார். 1847-இல் அதையே கிரேக்கத்தில் லுக்கேமியா ஆக்கினார்.

யார் முதலில் கண்டுபிடித்தது என்று ரெண்டு பேருக்கும் நடந்த சண்டையில் எனக்கு அக்கறையில்லை. ஃபிர்ஹோவின் அடக்கம்தான் பிடித்தது. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் லாகைத் திறக்காமலே காரணம் சொல்கிற ஒருவர் எல்லா டீமிலும் இருப்பார். அநேகமாக அவர்தான் சீனியர்.

அடுத்த நூறு வருடம் பெயர் இருந்தது, மருந்து இல்லை. மருந்து வந்த கதையின் ஒரு முனை நம் பக்கம் இருக்கிறது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் கொடுத்தால் அது குணமானது. அதற்குள் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், லுக்கேமியா வந்த குழந்தைகளுக்கு அந்த வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகம் பிடித்தது போலிருந்தது. அப்படியானால் அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு தந்த அமினோப்டெரின் என்ற எதிர்ப்பொருளை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

அடுத்து வந்த மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. இன்றைக்கும் குழந்தைகளின் லுக்கேமியா சிகிச்சை அதில்தான் தொடங்குகிறது. ஆனால் நோய் இன்னதென்று தெரியாமல், காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் அதைக் கொடுத்தால், கெட்ட அணுக்கள் கொஞ்ச நாளைக்குக் கரைந்து மறையும். பிள்ளை தேறிவிட்டது போலத் தெரியும். பரிசோதித்தாலும் பிடிபடாமல் போகலாம். தம்பிக்குப் போட்டது என்ன ஊசி என்று யாருக்கும் தெரியாது. சீட்டு இல்லை. அந்தப் பத்து நாளைப் பற்றி எனக்கு இருப்பது ஊகம் மட்டும்.

ஊரில் இதற்கு இன்னொரு காரணம் தயாராக இருக்கும்: மண். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. அந்த மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை என்று நீளும் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2024-இல் கடற்கரையே திரண்டது. அந்தப் போராட்டத்தில் நானும் ஊர்ப்பக்கம்தான். அதனாலேயே கருநாகப்பள்ளி ஆய்வை மறைக்க மனம் வரவில்லை. அதே வகை மணல் உள்ள அந்தக் கேரளக் கரையில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 1,379 புற்றுநோய்கள், அதில் லுக்கேமியா 30. கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள். குழந்தைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 30 என்பதும் சின்ன எண். மண் மேலுள்ள வழக்கு நடக்கட்டும். தம்பி விஷயத்தில் மண் செய்ததா என்பது எனக்குத் தெரியாது. ரெண்டு மாதம் செய்தது தெரியும்.

ராத்திரி போனில் தங்கச்சியிடம் கேட்டேன்: கழுத்திலோ கக்கத்திலோ கட்டி இருக்கா? தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்? எலும்பு வலி? புள்ளி இருந்தது, மற்றது இல்லை. இதெல்லாம் வேறு பத்து நோய்க்கும் வரும், பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னால் நிச்சயமாக முடியாது. "இப்பமே ஆசாரிப்பள்ளம் போ. முழு ரத்த எண்ணிக்கை எடுக்கணும், ரத்தத்தைக் கண்ணாடியில தடவி நுண்ணோக்கியிலயும் பாக்கணும்னு கேளு. ஸ்மியர்னு சொன்னா தெரியும். தெரியிறதுக்கு முன்ன ஸ்டீராய்டு வேண்டாம்னும் கேட்டுக்க." சந்தேகம் இருந்தால் அதன்பின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

"மாமியாரு காலையில போகலாம்ங்காவ."

"ராத்திரியே போ பிள்ள. ரத்தம் வருதுல்லா."

மறுநாள் மதியம் வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. தட்டணுக்கள் 31,000. வெள்ளை அணுக்களும் குறைவு. கீழே ஸ்மியர் வரி: பிளாஸ்ட் செல்கள் காணப்படவில்லை. டெங்கு. அதுவும் சின்ன விஷயமில்லை, அஞ்சு நாள் வார்டில் கிடந்தாள். ஆறாம் நாள் தங்கச்சி ஒரு போட்டோ அனுப்பினாள். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருந்தது. காலில் நீலம் மஞ்சளாக மாறியிருந்தது.