பூங்கா இல்லாத பூங்கா நகர்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகார் நகரை இரண்டு பாக்கங்களாகப் பகுத்துக் காட்டுகிறார். வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசனும் அவனைச் சார்ந்தோரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில், மரங்கள் நெருங்கி நின்ற சோலையில் நாளங்காடி நடந்தது. சந்தைக்கெனச் சோலை அழிக்கப்படவில்லை, சோலைக்கெனச் சந்தை விரட்டப்படவும் இல்லை. அதே காதையில் ஐந்து மன்றங்கள் பேசப்படுகின்றன. ஊருக்குப் பொதுவான வெளி இல்லாமல் ஒரு நகரத்தைக் கற்பனை செய்யவே நம் காப்பியப் புலவனுக்கு இயலவில்லை என்று தோன்றுகிறது.

சென்னை மாநகரிலும் அப்படியொரு நாளங்காடிச் சோலை இருந்தது. பூங்கா, விலங்குக் காட்சிசாலை, சந்தை, விளையாட்டுத் திடல், நாடக அரங்கு ஆகிய ஐந்தும் ஒரே பரப்பில், நகராட்சியின் பொறுப்பில் இருந்தன. அஞ்சல் முகவரியில் அவ்விடத்துக்குப் 'பூங்கா நகர், சென்னை 600003' என்று பெயர். புறநகர் ரயில் நிலையம் ஒன்று 'பார்க்' என்றும், பறக்கும் ரயிலின் நிலையம் 'பார்க் டவுன்' என்றும் அழைக்கப்படுகின்றன. பெயரைத் தந்த அந்தப் பூங்காவை இன்று தேடிச் செல்பவர் சிறு சிறு துண்டுகளையே காண்பார். அது எப்படி மறைந்தது என்பது தெரிந்துகொள்ளத்தக்க வரலாறு. ஏனெனில் அதை எந்தப் பகைவனும் வந்து அழிக்கவில்லை.

டிரவெலியனின் தோட்டம்

1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெலியன் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே அப்பதவியில் இருந்தார். கல்கத்தாவிலிருந்த மைய அரசின் புதிய வரித் திட்டத்தை எதிர்த்துத் தம் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதற்காக 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்ற பழி இன்றுவரை அவர் மேல் உண்டு. அதே மனிதர்தான் கறுப்பர் நகரம் என்று அன்று வழங்கப்பட்ட நெரிசல் மிகுந்த பகுதியின் மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று எண்ணி, அதன் மேற்கு விளிம்பில் 'மக்கள் பூங்கா'வுக்கு வித்திட்டார். அதன் பரப்பு 116 ஏக்கர். குளங்கள், வளைந்து செல்லும் பாதைகள், வாத்திய மேடை எல்லாம் அதில் அமைந்தன. பின்னாளில் நீரூற்று ஒன்றும் டிரவெலியன் பெயரில் நிறுவப்பட்டது.

1863இல் விலங்குகளும் அங்கே வந்து சேர்ந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பல்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் கூடம், இடம் போதாமல் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. சென்னை மக்கள் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் தாமே பெயர் சூட்டிக்கொண்டார்கள். பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. மூச்சு விடும் விலங்குகள் இருந்த பூங்கா 'உயிர் காலேஜ்'. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். கல்லூரியில் கால் வைக்க வாய்ப்பே இல்லாத ஒரு தலைமுறை, கட்டணமின்றிக் கற்ற இடங்களைக் கல்லூரி என்று அழைத்ததில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது.

ஆண்டின் இறுதியில் பூங்காவில் திருவிழாச் சந்தை கூடும். 1886 டிசம்பர் 31 அன்று அச்சந்தையில் தீப்பிடித்து, நெரிசலிலும் நெருப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நகரையே உலுக்கிய துயரம் அது. ஆயினும் மக்கள் பூங்காவைக் கைவிட்டுவிடவில்லை. கேளிக்கைகளும் கண்காட்சிகளும் தொடர்ந்தன.

ஒவ்வொன்றாக

பூங்காவின் நிலம் குறையத் தொடங்கியது நல்ல காரியங்களுக்காகவே. நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று நகரப் பெருமக்கள் முனைந்தபோது நகராட்சி பூங்காவிலிருந்து 57 மனை நிலத்தை, மனைக்கு எட்டணா வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்குத் தந்தது. சிசம் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பொது மண்டபம் அங்கே எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை அரங்கேற்றியது அங்கேதான். நவீனத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுபவர் எவரும் அந்த 57 மனையைத் தாண்டிச் செல்ல முடியாது. யார் அந்த நிலத்தைக் குறை சொல்வார்?

அடுத்து சந்தை. பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலாலும் சுகாதாரக் கேட்டாலும் பயனற்றுப் போக, நகராட்சி புதிய சந்தை ஒன்றை எழுப்ப முடிவு செய்தது. நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. ஆர். இ. எல்லிஸ் வடிவமைத்த, இந்தோ சாரசெனிக் பாணியிலான அந்தச் செந்நிறக் கட்டடத்தில் இறைச்சியும் காய்கறியும் பூவும் விற்க ஏற்பாடு. நாளடைவில் அதைச் சுற்றிலும் உள்ளும் வேறொரு உலகம் வளர்ந்தது. கிளி, புறா, நாய்க்குட்டி, இசைத்தட்டு, பழைய கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகம். பதிப்பு தீர்ந்துபோன தமிழ் நூல் வேண்டுமென்றால், ஒரு ஜமீன்தாரின் நூலகம் சிதறிப்போய்விட்டதென்றால், அது கடைசியில் வந்து சேரும் இடம் மூர் மார்க்கெட். புத்தகத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதைவிட எவ்வளவு பேரம் பேசினோம் என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட வாசகர்களின் உலகம் அது.

அதற்கடுத்து அலுவலகம். எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிவந்த நகராட்சிக்குத் தனக்கென ஒரு மாளிகை தேவைப்பட்டது. 1909இல் தொடங்கி 1913இல் நிறைவுற்ற ரிப்பன் கட்டடத்தை லோகநாத முதலியார் கட்டி முடித்தார். பூங்காவின் காவலரான நகராட்சியே பூங்காவுக்குள் குடியேறியது. உள்ளாட்சியின் தந்தை என்று கருதப்படும் ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது.

பிறகு விளையாட்டு. மாநகராட்சி விளையாட்டரங்கம் பூங்கா நிலத்தில் அமைந்தது. சேப்பாக்கம் திடல் ஒரு கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்த காலத்தில், 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் இந்த அரங்கில் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்கேதான். உலகச் சாதனையாகிய அது 2008 வரை, 52 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது. நகராட்சி ஒன்றின் திடலுக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன இருக்க முடியும்?

வரவும் செலவும்

மேலே சொன்ன நான்கில் ஒன்றையும் வீண் என்று தள்ள முடியாது. மண்டபம், சந்தை, அலுவலகம், திடல் ஆகிய அனைத்தும் மக்களுக்கானவை. ஆனால் நான்கும் ஒரே மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டன. பூங்காவைத் தின்றது பொதுநலமே.

இதற்கான காரணம் நகராட்சிக் கணக்கேட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. சந்தை வரவுப் பக்கத்தில் வரும்: கடை வாடகை, குத்தகை, கட்டணம். விளையாட்டரங்கம் இரண்டு பக்கத்திலும் வரும்: ஆட்டம் நடக்கும் நாளில் வரவு, மற்ற நாட்களில் பராமரிப்புச் செலவு. பூங்கா மட்டும் செலவுப் பக்கத்திலேயே நிற்கும்: தோட்டக்காரர் சம்பளம், தண்ணீர், வேலி. புல்தரையில் உட்கார்ந்து எழுந்தவனிடம் வாடகை வாங்க வழியில்லை. ஆகவே கணக்கெழுதும் கண்ணுக்குப் பூங்கா என்பது 'காலி இடம்'. புதிய திட்டம் ஏதேனும் மேசைக்கு வரும்போது விரல் முதலில் சுட்டுவது காலி இடத்தையே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சந்தையை எடுத்தால் கடைக்காரர் கேட்பார். அரங்கத்தை எடுத்தால் ஆட்டக்காரரும் ரசிகரும் கேட்பார்கள். புல்தரைக்குச் சங்கம் கிடையாது. மாலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர் ஒருவரையொருவர் அறியார். அவர்கள் சார்பில் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அமரும் நகர்மன்றம். ஒரு தீர்மானம் மன்றத்தில் வைக்கப்பட்டால் யாரேனும் ஒருவர் எழுந்து 'ஏன்?' என்று கேட்பார், அது நாளேட்டில் வரும், ஒத்திவைக்கப்படும். தோற்றாலும் தோற்றது பதிவில் இருக்கும்.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

1688இல் அரச சாசனத்தின் வழி உருவான சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிட்டி. தியாகராயச் செட்டியார் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக அமர்ந்தார். இவ்வளவு நீண்ட மரபுடைய மன்றம், மஸ்டர் ரோல் முறைகேட்டைத் தொடர்ந்து 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இடையிலான 23 ஆண்டுகள் ரிப்பன் கட்டடத்தில் அதிகாரிகளே இருந்தார்கள். மன்றக் கூடம் வெறுமையாக இருந்தது. முறைகேடு நடந்தது என்பது உண்மைதான். அதற்குத் தண்டனை பெற்றது முறைகேடு செய்தவர்கள் மட்டுமல்ல; கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே தண்டிக்கப்பட்டது.

மக்கள் பூங்காவின் இறுதி அத்தியாயம் இந்த 23 ஆண்டுகளுக்குள்ளேயே எழுதப்பட்டது. உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போயிற்று. 1985இல் அங்கே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் அது விடுதலைதான். சென்ட்ரலைச் சுற்றிய இரைச்சலில் கூண்டுக்குள் கிடந்தவற்றுக்குக் காடு கிடைத்தது. ஆனால் கையில் காசில்லாமல் நடந்தே போய்ப் பார்த்த வடசென்னைக் குழந்தைகளுக்கு அது முப்பது கிலோமீட்டர் தொலைவாகிப் போனது.

அதே 1985 மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில் நிலைய விரிவாக்கத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆகவே தீயைப் பற்றி ஊரில் எழுந்த ஐயங்கள் இன்றும் பழைய வாசகர்களின் பேச்சில் தொடர்கின்றன. கட்டடத்தின் எஞ்சிய பகுதியும் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. முனையத்தின் பெயர் 'மூர் மார்க்கெட் வளாகம்'. அதன் முன்னே பழைய சந்தையின் சிறு மாதிரி வடிவம் ஒன்று வைக்கப்பட்டது. வியாபாரிகளுக்கு மாற்று இடமாக அருகிலேயே வணிக வளாகம் கட்டப்பட்டது. அது எழுந்த இடம் பூங்காவின் அல்லிக்குளம். சந்தைக்கு ஈடாகக் குளம் கொடுக்கப்பட்டது. குளத்துக்கு ஈடாக அதன் பெயர் மட்டும் வளாகத்துக்குச் சூட்டப்பட்டது.

விளையாட்டரங்கமும் புதிதாகக் கட்டப்பட்டு 1993இல் திறக்கப்பட்டது. இன்று ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. 116 ஏக்கரில் பூங்கா என்ற பெயரோடு எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கது மை லேடீஸ் பூங்கா. ஒரு காலத்தில் நகரின் மலர்க் கண்காட்சிகள் நடந்த இடம் அது.

இன்றைக்கு இது ஏன்?

பழங்கதை பேசிப் பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. அதே தர்க்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மெட்ரோ ரயில் நகருக்கு இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. சுரங்க நிலையம் தோண்ட இடம் தேடியபோது விரல் சுட்டியது மீண்டும் பூங்காக்களையே. செனாய் நகர் திரு.வி.க. பூங்கா 2011இல் மூடப்பட்டு, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே மக்களுக்குத் திறந்தது. அதற்குள் ஒரு குழந்தை பள்ளிப்படிப்பையே முடித்திருக்கும். தியாகராய நகரின் பனகல் பூங்கா 2020களில் இரண்டாம் கட்டப் பணிக்கு உட்பட்டது. 2016 முதல் 2022 வரை சென்னையில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதிருந்ததையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. அண்ணா மேம்பாலத்தருகே பல்லாண்டுகள் உணவகம் இயங்கிய நிலம் அரசின் கைக்குத் திரும்பி, 2010இல் செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இழந்ததை மீட்கவே முடியாது என்பதில்லை. மீட்கவேண்டும் என்று யாரேனும் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மன்றம் என்ற சொல்லைச் சங்க இலக்கியம் ஊரின் பொதுவிடம், அங்கே மரத்தடியில் கூடிய அவை ஆகிய இரண்டையும் குறிக்கவே கையாள்கிறது. பொதுவெளியும் பொது அவையும் நம் மொழியில் ஒரே சொல். ஒன்றை இழந்தால் மற்றதும் நெடுநாள் நிற்காது என்பதற்குச் சென்னையின் மக்கள் பூங்கா கண்முன் உள்ள சான்று. இனி ஒரு பூங்காவின் வேலிக்குள் திட்டப் பலகை நடப்படும்போது, அந்தத் திட்டம் நல்லதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. அது நல்லதாகவே இருக்கும். அதை எந்த மன்றத்தில், யார் எழுந்து கேள்வி கேட்டார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.