தலைக்கு மேலே போகாத எடை

தேக்காவோ உட்லண்ட்ஸோ, சிங்கப்பூரின் எந்த ஜிம்மிலும் ஓவர்ஹெட் பிரஸ் செய்கிறவர்களிடம் ஒரே புலம்பல்தான்: “நாப்பதுல நிக்குதுண்ணே, மேல போகவே மாட்டேங்குது.” காரணம் கணக்கில் இருக்கிறது. சாதாரணமாகக் கிடைக்கும் மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் 2.5 கிலோ ஏறிவிடும். நூறு கிலோ ஸ்குவாட்டில் அது இரண்டரை சதவீதம். நாற்பது கிலோ பிரஸ்ஸில் ஆறேகால். தோளும் மேற்கையின் பின்தசையும் செய்கிற வேலைக்கு இது படி இல்லை, மதில்.

இந்த மதிலை முன்னோடிகள் எப்படித் தாண்டினார்கள்? 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்கலில் ஸ்நாட்ச், ஜெர்க் ஆகியவற்றோடு பிரஸ்ஸும் இருந்தது. முழங்கால் மடங்கக் கூடாது. நேராக நின்று தள்ள வேண்டும். 1955இல் அமெரிக்கரான பால் ஆண்டர்சன் மாஸ்கோவில் 182.5 கிலோ தள்ளினார். 1972இல் சோவியத் வீரர் அலெக்சேயெவ் தள்ளியது 236.5. பதினேழு வருஷத்தில் 54 கிலோ! பயிற்சி வளர்ந்தது, ஊக்கமருந்தும் வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது: இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னே வளைத்து, மார்பின் வலுவையும் சேர்த்துக்கொண்டார்கள். எது பிரஸ், எது ஏமாற்று என்று நடுவர்களால் பிரிக்க முடியவில்லை. மியூனிக் ஒலிம்பிக்கோடு பிரஸ்ஸையே தூக்கிவிட்டார்கள்.

சிங்கப்பூருக்கு இதில் வேறொரு கதை உண்டு. 1960, ரோம். லைட்வெயிட் பிரிவில் டான் ஹாவ் லியாங். பிரஸ்ஸில் அவர் தூக்கியது 115. தங்கம் வென்ற புஷுயெவ் 125. ஈராக்கின் அப்துல் வாஹித் அஜீஸ் 117.5. ஸ்நாட்ச்சிலும் டான் பின்தங்கினார்: 110. அஜீஸைவிட மொத்தம் 7.5 கிலோ குறைவு. அதற்குள் கால் வலி வேறு.

மிச்சமிருந்தது ஜெர்க். அதுதான் அவர் பலம். 1958 கார்டிஃபில் உலக சாதனையே படைத்திருந்தார். ரோமில் 155 தூக்கினார். புஷுயெவ் தூக்கியதே 150தான். அஜீஸ் 147.5. டானும் அஜீஸும் ஆளுக்கு 380 கிலோவில் வந்து நின்றார்கள். உடல் எடை குறைந்தவர் என்பதால் வெள்ளி டானுக்கு. சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்தது வர 48 வருஷம் ஆயிற்று.

முதுகை வளைத்தால் எண் ஏறும், தோள் ஏறாது. இன்றைக்கு நடுவர் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது இன்னும் சுலபம், கீழ்முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும். அரைக் கிலோ தட்டுகள் வாங்கலாம். அதே எடையில் இன்னொரு செட் கூட்டலாம். ஜெர்க் பழகினால், பிரஸ்ஸில் ஏறாத எடையையும் தலைக்கு மேலே பிடித்து நிற்கக் கை பழகும். மதிலில் ஒரு நேரத்தில் ஒரு செங்கல்தான் நகரும். ஆனால் நகர்ந்தது நிஜமாகவே நகர்ந்திருக்கும்.