புள்ளியும் உரிமமும்: கணினி அசைவூட்ட வரலாற்றின் ஒரு பக்கம்

கணினி அசைவூட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். கணினியின் வேகம் பெருகப் பெருகப் படத்தின் நுணுக்கமும் பெருகிற்று என்பது அவர்தம் கூற்றின் சாரம். அது பொய்யன்று, ஆயினும் அதனை முழு உண்மையென ஏற்றல் இயலாது. ஒரு படத்தை எத்துணை நுணுக்கமாக ஆக்கலாம், எவர் ஆக்கலாம், ஆக்கிய படத்தைப் பல்லாண்டு கழித்து மீளத் தீட்டலாமா என்னும் வினாக்களுக்கு, மென்பொருளின் உரிமப் பத்திரமும் தன் பங்கிற்கு விடையிறுக்கின்றது. அப்பத்திரத்தின் வரலாறு இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

கணினிப் படம் நுண்ணிய புள்ளிகளின் நிரல்களாலானது. குறுக்கே எத்தனை புள்ளிகள், நெடுக்கே எத்தனை புள்ளிகள் என்னும் கணக்கையே பிரிதிறன் என்பர். குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனக் கொள்ளின் ஒரு படச்சட்டத்தில் 2,073,600 புள்ளிகள் அமையும். திரைப்படத்திற்கு ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் வேண்டும். எனவே ஒரு செக்கன் படத்திற்கு ஏறத்தாழ ஐந்து கோடிப் புள்ளிகளின் நிறத்தை நிருணயித்தாக வேண்டும். கமெராவைப் பொறுத்தவரை இவ்வேலையை ஒளியே செய்து முடித்துவிடுகின்றது. அசைவூட்டத்திலோ கணினி ஒவ்வொரு புள்ளியையும் கணித்துத் தீட்டுதல் வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் வேலை நான்கு மடங்காகும். பிரிதிறன் என்பது அழகியல் விடயமாவதற்கு முன்னரே செலவுக் கணக்காகிவிடுகின்றது.

முற்றிலும் கணினியால் ஆக்கப்பட்ட முதலாவது முழுநீளத் திரைப்படமாகிய 'ரோய் ஸ்ரோரி' 1995ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன் சட்டங்கள் 1536க்கு 922 புள்ளிகளாகத் தீட்டப்பட்டன. இன்று சாதாரண கைத்தொலைபேசித் திரைகள் பலவற்றில் அதனினும் மிகுந்த புள்ளிகள் உள்ளன. அன்றோ ஒரு சட்டத்தைத் தீட்ட, அதன் சிக்கலுக்கேற்ப, 45 நிமிடம் முதல் 30 மணித்தியாலம் வரை செலவாயிற்று. அப்படத்தை முப்பரிமாணக் காட்சியாக 2009இல் மீள வெளியிட முற்பட்டபோது, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய கோப்புகளை இயங்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்கே பிக்சார் நிறுவனத்தினருக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. படமும் அவர்களுடையது, அதனைத் தீட்டிய மென்பொருளும் அவர்களுடையதே. அத்தகையோர்க்கே இந்நிலையெனில், பிறரிடம் உரிமம் பெற்ற மென்பொருளைக் கொண்டு படம் ஆக்கியோரின் நிலையை ஊகித்தறிதல் கடினமன்று.

யப்பானியத் தொலைக்காட்சி அசைவூட்டத்தில் இன்னொரு விந்தையைக் காணலாம். செலுலோயிட் தாளில் வரைந்து படச்சுருளிற் பிடிக்கப்பட்ட பழைய தொடர்களின் சுருள் பேணப்பட்டிருப்பின், அதனை இன்று மீள வருடி உயர்ந்த பிரிதிறனிற் பெறலாம். ஏறத்தாழ 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினிக்கு மாறிய தொடர்கள் பலவோ, அக்காலத் தொலைக்காட்சியின் குறைந்த பிரிதிறனிலேயே ஆக்கி முடிக்கப்பட்டவை. அவற்றைப் பெருப்பிக்கலாம், இல்லாத நுணுக்கத்தை வருடி எடுத்தல் இயலாது. முந்தியது தெளிவாயும் பிந்தியது மங்கலாயும் நிற்கும் இந்நிலையில், மீளத் தீட்டும் ஆற்றல் எவர் கையில் உள்ளது என்னும் வினா முதன்மை பெறுகின்றது.

ஆரம்ப காலத்தில் இவ்வாற்றல் ஒருசில நிறுவனங்களின் மதிலுக்குள்ளேயே இருந்தது. டிஸ்னி நிறுவனம் பிக்சாருடன் சேர்ந்து உருவாக்கி, 1990இல் ஒரு முழுநீளப் படத்தையே ஆக்கிய வர்ணந்தீட்டும் முறைமை வெளியாருக்கு விற்கப்படவேயில்லை. விற்பனைக்கு வந்த மென்பொருள்களும் சிறியோர்க்கு எட்டுவனவாக இருக்கவில்லை. மாயா என்னும் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு 2002இல் 7,500 டொலரிலிருந்து 1,999 டொலராகக் குறைக்கப்பட்டமை அக்காலத்திற் பெருஞ் செய்தியாயிற்று.

விலையினும் கொடியது நிச்சயமின்மை. மொன்றியலில் 1986இல் தோன்றிய சொஃப்ற்இமாஜ் 1994இல் மைக்ரோசொஃப்ற்றுக்கும், 1998இல் அவிட் நிறுவனத்திற்கும், 2008இல் ஒட்டோடெஸ்க்குக்கும் கைமாறி, ஈற்றில் 2014இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. 'ஜுராசிக் பார்க்' படத்தின் விலங்குகளை அசைத்த கருவியின் முடிவு அது. அதனைக் கற்பதில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்ட கலைஞருக்கு இம்முடிவில் எவ்வித வாக்குமில்லை. உரிமம் பெற்றவன் வாங்கியது மென்பொருளையன்று; அதனைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே.

புள்ளியும் உரிமமும் நேர்முகமாகச் சந்திக்கும் இடமும் உண்டு. கனடாவின் ஹூடினி மென்பொருளுக்குக் கற்போர்க்கென இலவசப் பதிப்பொன்று வழங்கப்படுகின்றது. கருவிகள் ஏறக்குறைய யாவும் அதில் உள. ஆயின் அது தீட்டும் படம் 1280க்கு 720 புள்ளிகளைத் தாண்டமாட்டாது. படத்தின்மேல் அடையாளக் குறியொன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். கணினிக்கு வலுவில்லாமையால் விதிக்கப்பட்ட எல்லையன்று இது. வணிகத்திற்கு உதவாத அளவில் நுணுக்கத்தை நிறுத்திவைக்கும் வேலி. கற்பிப்பதற்கு அதுவும் பயன்படுகின்றது என்பதை மறுத்தல் நியாயமாகாது. எனினும் வேலி வேலியே.

இப்பின்னணியிலேயே பிளெண்டரின் கதையை நோக்குதல் வேண்டும். நெதர்லாந்தில் நியோஜியோ என்னும் அசைவூட்டக் கூடத்தை நடத்திய ரொன் ரூசன்டால், கூடத்தின் சொந்தத் தேவைக்காக 1994இல் அதனை எழுதத் தொடங்கினார். பின்னர் 1998இல் அதனைப் பரப்பும் நோக்குடன் தனி நிறுவனமொன்று எழுந்தது. மென்பொருளை இலவசமாக வழங்கி, அதனைச் சார்ந்த சேவைகளை விற்று வாழலாம் என்பது எதிர்பார்ப்பு. அது கைகூடவில்லை. முதலீட்டாளர் 2002இன் தொடக்கத்தில் நிறுவனத்தை மூடினர். பயன்படுத்துவோர் உலகெங்கும் இருந்தனர். மென்பொருளோ மூடப்பட்ட நிறுவனத்தின் சொத்தாக முடங்கிற்று. சொஃப்ற்இமாஜுக்குப் பின்னர் நேர்ந்தது இதற்கு அன்றே நேர்ந்திருக்கக்கூடும்.

ரூசன்டால் ஓர் அறநிலையத்தை நிறுவி, ஒரு இலட்சம் யூரோவுக்கு மூலநிரலை விடுவிக்க முதலீட்டாளரை இணங்கச் செய்தார். 2002 யூலையில் தொடங்கிய நன்கொடைத் திரட்டு ஏழு வாரங்களில் இலக்கை எட்டிற்று. அவ்வாண்டு ஒக்ரோபர் 13இல் மூலநிரல் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியாயிற்று. பயனாளர் தாம் பயன்படுத்திய கருவியைப் பணந்திரட்டி மீட்டெடுத்த இந்நிகழ்ச்சி, கணினி வரலாற்றில் அரிதாகக் காணப்படுவது.

விடுதலையின் பயன் படங்களிலே புலப்பட்டது. 2006இல் வெளியான 'எலிஃபன்ற்ஸ் டிறீம்' என்னும் குறும்படம் 1920க்கு 1080 புள்ளிகளில் தீட்டப்பட்டது. அதன் தீட்டல் 125 நாள் நீடித்தது. அடுத்து 2008இல் 'பிக் பக் பனி' வந்தது. படத்தை மட்டுமன்றி அதன் காட்சிக் கோப்புகள் அனைத்தையும் எவரும் எடுத்தாளலாம் என ஆக்கியோர் அனுமதித்திருந்தனர். அதன் விளைவு 2013இல் வெளிப்பட்டது. ஆக்கியோர் குழுவைச் சாராத ஒருவர் அக்கோப்புகளைச் செப்பனிட்டு, அப்படத்தை 3840க்கு 2160 புள்ளிகளில், செக்கனுக்கு 60 சட்டங்களாக, இருகண் முப்பரிமாணக் காட்சியாக மீளத் தீட்டி வெளியிட்டார். மூலப் படத்தினும் நான்கு மடங்கு புள்ளிகள்! 'ரோய் ஸ்ரோரி'யை மீட்க அதன் உரிமையாளரே முன்வர வேண்டியிருந்தது. முயலை மீட்க எவருடைய அனுமதியும் கேட்கப்படவில்லை. முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது.

இவற்றைக் கொண்டு வணிக நிறுவனங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒளியின் போக்கைக் கணிக்கும் முறைகளுட் பல அந்நிறுவனங்களின் ஆய்வுகூடங்களில் அவர்தம் பணத்தால் வளர்ந்தவை. மேலும், திறந்த மூலம் என்பது உரிமமின்மை அன்று. குனூ உரிமமும் ஓர் உரிமமே. மாற்றியமைத்த மென்பொருளைப் பரப்புபவன் அதன் மூலநிரலையும் வழங்கவேண்டுமென அது கட்டளையிடுகின்றது. ஆயின் அக்கட்டளை மென்பொருளோடு நின்றுவிடும். அதனால் ஆக்கிய படம் ஆக்கியோனுக்கே உரியது. எல்லாத் திறந்த உரிமங்களும் ஒரே தன்மையன அல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உரோம் நகரில் தோன்றி, 'மொனொனொகே இளவரசி' முதலாக ஜிப்ளி கூடத்திற் பயன்பட்ட ரூன்ஸ் என்னும் மென்பொருளை, யப்பானின் டுவாங்கோ நிறுவனம் வாங்கி 2016 மார்ச்சில் திறந்த மூலமாக வெளியிட்டது. அதற்குத் தெரிவுசெய்யப்பட்ட உரிமம் அத்தகைய கட்டளை எதனையும் விதிப்பதில்லை.

லத்வியாவின் கின்ற்ஸ் சில்பலோடிஸ் தம் முதலாவது முழுநீளப் படத்தை மாயாவில் ஆக்கியவர். 2019இல் அவர் பிளெண்டருக்கு மாறினார். அவருடைய 'ஃப்ளோ' 2024இல் வெளியாகி, 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. லத்வியா பெற்ற முதலாவது ஒஸ்கார் அதுவே. அதன் இறுதித் தீட்டல் நெறியாளரின் சொந்தக் கணினியிலேயே நடந்தது. நாலாயிரம் புள்ளியளவு அகலமுள்ள ஒரு சட்டத்துக்கு அரைச் செக்கன் முதல் பத்துச் செக்கன் வரை செலவாயிற்று என அவர் கூறியுள்ளார். அப்படம் எவரும் எடுத்தாளத்தக்க பொதுச் சொத்தன்று. அதனைத் தீட்டிய மென்பொருளின் பழைய பதிப்புகளோ, மூலநிரலுடன், அறநிலையத்தின் களஞ்சியத்தில் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடியவாறு இன்றும் வைக்கப்பட்டுள்ளன.